எட்டில் வை

என் எழுதும் மேஜைமேல் ஒரு லென்ஸ் இருக்கிறது. காகிதம் பறக்காமலிருக்க வைத்த பாரம் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அந்த உபயோகமும் வேண்டித்தான் இருக்கிறது. சிலர் அதைக் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, அதன் இடுப்பில் உள்ள வளையத்தைத் திருப்புவார்கள். ‘கிளிக்’ என்று கேட்கும். இன்னொரு ‘கிளிக்.’ எவ்வளவு பெரிய மனிதராயிருந்தாலும் முகத்தில் குழந்தைச் சிரிப்பு ஒன்று வந்துவிடும். அந்தச் சத்தம் அப்படி. எனக்கு மட்டும் அதைக் கேட்டால் அடிவயிற்றில் ஏதோ செய்யும். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

என் பெரியப்பா மாயவரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். முன்னால் ஒரு பெஞ்சு. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் இருட்டறை. திரையில் தாஜ்மகாலும் அதற்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரமும் எழுதியிருக்கும். ஆக்ராவில் தென்னை ஏது என்று நான் ஒரு தரம் கேட்டேன். “மாயவரத்தில தாஜ்மகால் மட்டும் ஏதுடா?” என்றார்.

1971-ல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பள்ளித் தோழர் ஒருவர் அவருக்கு நிக்கோர்மாட் காமிரா ஒன்றும், அதற்கு 50 மில்லிமீட்டர் நிக்கோர் லென்ஸ் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கடனை அடைக்க மூன்று வருஷம் ஆயிற்றாம். பெரியம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அதில் போயிற்று என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

அந்த லென்ஸைக் காமிராவில் மாட்டுவது ஒரு சடங்கு. வளையத்தின்மேல் உலோகத்தால் ஆன இரண்டு காதுகள் நிற்கும். முயல் காது என்று அதற்குப் பெயர். காமிராவிலிருந்து நீளும் சிறு முள் அந்தக் காதுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளவேண்டும். லென்ஸை மாட்டியதும் வளையத்தை ஒரு கோடிவரை திருப்பி, மறு கோடிவரை திருப்புவார். கர்ரக், கர்ரக். அந்த இரண்டு திருப்பலில்தான், “நான் இவ்வளவு தூரம் திறக்கக்கூடியவன்” என்று லென்ஸ் காமிராவுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சம்பந்தி மரியாதை செய்துகொள்வதுபோல. அது ஆன பிறகுதான் வேலை.

வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் வெட்டியிருந்தன. இந்தக் கணக்கு புரியாமல் நான் வெகுநாள் திண்டாடினேன். எண் பெரிதாக ஆக வெளிச்சம் குறைகிறது. இது என்ன தலைகீழ் நியாயம்? பெரியப்பா ஒரு நாள் பலப்பத்தால் தரையில் எழுதிக் காட்டினார். 50-ஐ இந்த எண்ணால் வகு. 2-ல் வைத்தால் 25 மில்லிமீட்டர் அகலத் துவாரம், ஜன்னல். 16-ல் வைத்தால் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சாவித் துவாரம். ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போனால் உள்ளே வருகிற வெளிச்சம் சரிபாதி. அவ்வளவுதான் சங்கதி. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆனாலும் இந்த ஒரு கணக்கு மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

அவர் இரவுக் கல்யாணங்களுக்குக் கொண்டுபோகும் பிளாஷ் விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. தூரத்தை அடியில் எடுத்து, வளையத்து எண்ணால் பெருக்கினால் 80 வரவேண்டும். பத்தடிக்கு 8, இருபதடிக்கு 4, ஐந்தடிக்கு 16. கல்யாணப் பந்தலில் பெரும்பாலும் பத்தடிதான் கிடைக்கும். அதற்கு மேல் நகர்ந்தால் நாகஸ்வரக்காரர் மடியில் உட்காரவேண்டும். ஆகவே அவருடைய மந்திரம் ஒன்றே ஒன்று: “எட்டில வை, பத்தடி தள்ளி நில்லு, பயப்படாதே.”

1991-ம் வருஷம், ஆவணி மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கல்யாணம், விடியற்காலை முகூர்த்தம். பெட்டி தூக்குகிற உத்தியோகம் எனக்கு. பெரியப்பா காப்பி குடிக்கப் போன ஐந்து நிமிஷம் காமிரா என் கழுத்தில் தொங்கியது. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். வளையத்தைத் திருப்பினேன். கிளிக், கிளிக், கிளிக். மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். கெட்டிமேளம் கேட்டது. பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து காமிராவை என் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு போனார்.

வளையம் 16-ல் நின்றது அவருக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரி லென்ஸில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. வளையத்தை எந்த எண்ணில் வைத்தாலும், பார்க்கிறபோது துவாரம் முழுக்கத் திறந்தே இருக்கும். பொத்தானை அழுத்துகிற கணத்தில், உள்ளே இருக்கும் சிறு நெம்புகோல் விடுபட்டு, கறுப்புத் தகடுகள் சொன்ன அளவுக்குச் சட்டென்று சுருங்கி, படம் பதிந்ததும் மறுபடி விரிந்துகொள்ளும். கண்ணுக்கு எல்லாம் பிரகாசம். பிலிமுக்கு மட்டும் இருட்டு.

தாலி கட்டிய படங்கள் மூன்றும் புகை மண்டினாற்போல் வந்தன. வேண்டியதில் நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தானே? பெண்ணின் தகப்பனார் கடை வாசலில் நின்று பேசியதை நான் திரைக்குப் பின்னால், தாஜ்மகாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். “என் கைத் தப்புங்க. கணக்குத் தவறிட்டேன்” என்றார் பெரியப்பா. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் அந்தக் காமிராவைத் தொடவில்லை. பரீட்சை என்பேன்; தலைவலி என்பேன். கொஞ்ச நாளில் அவரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

2009-ல் அவர் காலமானார். கடை அதற்கு முன்பே போய்விட்டது. காமிராவைப் பழைய சாமான்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அந்தக் கதையை இங்கே எழுதினால் உறவு கெடும். லென்ஸ் மட்டும் அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்தது. ஈரம் தாக்காதாம்! வருஷ திதிக்குப் போனபோது பெரியம்மா அதை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். “ஒன்கிட்டேதான் காமிரா இருக்கே. உபயோகப்படுமோ, என்னமோ” என்றாள்.

என்னிடம் காமிரா இருந்தது உண்மை. பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதி வந்த பணத்தில் 2008-ல் நிக்கான் டி40 வாங்கியிருந்தேன். டிஜிட்டல் காமிராக்களில் எளிய ஜாதி அது. வாங்கின கையோடு, அவசரக்காரனாகையால், கூடவே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும் வாங்கினேன். அதிலும் வளையம் இருந்தது. பெரியப்பா ஞாபகத்தில் ஆசையாக அதைத் திருப்பினேன். காமிரா உடனே ‘எஃப்-ஈ-ஈ’ என்று கண் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. காமிரா கெட்டுப்போயிற்று என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வளையத்தை ஆரஞ்சு நிறத்தில் எழுதிய 22-ல் கொண்டுபோய் வைத்து, பூட்டிவிட்டு, அப்புறம் தொடவே கூடாதாம்! துவாரத்தின் அளவைக் காமிரா பார்த்துக்கொள்ளுமாம். பென்ஷன் வாங்குகிற தாசில்தாரைக் கூடத்து நாற்காலியில் உட்கார்த்தி வைத்து மரியாதை மட்டும் செய்வதில்லையா, அப்படி. இன்னொரு வேடிக்கை: அந்த லென்ஸைத் தானாகக் கூர்மைப்படுத்த வேண்டிய மோட்டார் காமிராவின் உடம்பில் இருக்கவேண்டும். டி40-ல் அது கிடையாது. ஆகக் கையால் திருகத்தான் வேண்டியிருந்தது. 2000-ம் வருஷத்துக்குப் பிறகு வந்த ‘ஜி’ லென்ஸ்களில் இந்தத் தாசில்தாரும் இல்லை, வளையத்தையே எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட லென்ஸைப் பெரியப்பாவின் நிக்கோர்மாட்டில் மாட்டியிருந்தால், அளவைச் சொல்ல ஆளில்லாமல், துவாரம் எப்போதும் சுருங்கியே கிடந்திருக்கும்.

பெரியப்பாவின் லென்ஸ் கதை இதற்கு நேர் எதிர். டி40-ல் அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. 1959-ல் நிக்கான் வகுத்த அந்த மாட்டும் வாய் ஐம்பது வருஷமாக அளவு மாறவில்லை. ஆனால் லென்ஸ் ஊமை. தன் துவாரம் எத்தனை என்று சொல்ல அதில் மின்சாரத் தகடு கிடையாது. காமிரா ‘எஃப்’ போட்டு, பக்கத்தில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் கையால் வைக்கிற ‘எம்’ என்ற இடத்துக்குச் சக்கரத்தைத் திருப்பினால்தான் பொத்தான் அசைந்தது. அங்கும் மீட்டர் கிடையாது. வெளிச்சத்தை நானே மதிப்பிட்டு, வளையத்தை நானே திருப்பவேண்டும். எண்களைத் தொட்டதுமே எனக்கு அந்தக் கல்யாணப் பந்தல் வந்துவிட்டது. நாலு படம் எடுத்தேன். இரண்டு இருட்டு, இரண்டு வெளுப்பு. மஞ்சள் துணியில் மறுபடி சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

2013-ல் ஒரு நண்பரிடமிருந்து டி7000 என்ற காமிராவை வாங்கினேன். பழைய லென்ஸ்களுக்கும் அதில் மீட்டர் வேலை செய்யும் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். இனி நான் கணக்குப் போடவேண்டாம்; காமிரா போடும். பெரியப்பாவின் லென்ஸுக்குள் பூஞ்சை கொஞ்சம் நூல் நூற்றிருந்தது. அதைத் துடைக்க, சென்னை மவுண்ட் ரோடுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முன்னாலேயே லென்ஸைப் புதுக் காமிராவில் மாட்டப் போனேன்.

“மாட்டாதீங்க சார்!” என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு காமிராவின் வாயோரத்தில் இருந்த ஒரு சின்ன நாக்கைக் காட்டினார். 1977-ல் நிக்கான் முயல் காதுக்குப் பதிலாக வேறு ஒரு ஏற்பாடு செய்தது. வளையத்தின் பின் விளிம்பில் ஒரு படி வெட்டினார்கள். காமிராவில் உள்ள இந்த நாக்கு அந்தப் படியில் சாய்ந்துகொண்டு, வளையம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தடவித் தெரிந்துகொள்ளும். அதற்கு ‘ஏ.ஐ.’ என்று பெயர். (இப்போது எல்லோரும் பேசுகிற ஏ.ஐ. அல்ல, இது பாவம், ஒரு தகரத் துண்டு.) பெரியப்பாவின் லென்ஸ் அதற்கு முந்தியது. அதன் விளிம்பில் படி இல்லை, முழுவட்டம். திருகி மாட்டினால் அந்த நாக்கின்மேல் ஏறி அதை ஒடித்துவிடும். டி40-க்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். “அதுக்கு நாக்கே கிடையாதே சார், எதை ஒடிக்கும்?” என்றார். விலை குறைந்த காமிரா கிழ லென்ஸைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்கிறது. விலை கூடியதோ எலும்பை முறித்துக்கொள்கிறது. கதையில் நான் இப்படி எழுதினால் மிகை என்பார்கள்.

பாயிடம் ஒரு மரப்பெட்டி நிறைய வேறு லென்ஸ்கள் கிடந்தன. “எல்லாம் அநாதைங்க சார்” என்றார். 1987-ல் கேனான் தன் பழைய ‘எஃப்.டி.’ வாயை அடியோடு கைவிட்டு, எல்லாம் மின்சாரத்திலேயே நடக்கிற புதிய வாயைக் கொண்டுவந்தது. பழைய காமிராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் 42 மில்லிமீட்டர் இடைவெளி, புதியதில் 44. இரண்டே மில்லிமீட்டர்! அந்த இரண்டு மில்லிமீட்டரால், பழைய லென்ஸைப் புதியதில் எப்படியாவது மாட்டினாலும், தொலைவில் இருப்பது எதுவும் தெளியாது. ஒரு தலைமுறை லென்ஸ்கள் பெட்டிக்குள் போயின. பாயின் பெட்டிக்குப் பிற்பாடு நல்ல காலம் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே கண்ணாடி ஆடாத புதுவகைக் காமிராக்களில் அந்த இடைவெளி மிகக் குறைவு. 2018-ல் வந்த நிக்கானின் ‘இசட்’ வகையில் 16 மில்லிமீட்டர்தான். மிச்ச நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாயைச் செருகினால் போதும். அநேகமாக எந்தக் கிழ லென்ஸும் மறுபடி வேலைக்குப் போகலாம்.

“இதுக்கு ஒரு வழி இருக்கு” என்றார் பாய். “வளையத்தைக் கழட்டிப் பின்விளிம்பை அரத்தால ராவி, படி வெட்டிடலாம். அந்தக் காலத்துல கம்பெனியே மாத்து வளையம் வித்துது, இப்ப கிடைக்காது. ராவத்தான் வேணும். ஆனா ராவினா ராவினதுதான். திரும்ப ஒட்ட முடியாது.”

எனக்கு மனம் வரவில்லை. அந்த வளையத்தின்மேல் அரம் வைப்பதா? பாய் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வளையத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“சார், இதை ஏற்கெனவே யாரோ ராவியிருக்காங்களே!”

பின்விளிம்பில் அல்ல. விரல் பிடிக்கிற பள்ளங்களில் ஒன்றின் ஓரத்தில், குறுக்காக, அரிசி அளவுக்கு ஒரு வெட்டு. தேய்மானம் என்று நான் நினைத்திருந்தது. வளையத்தை 8-ல் வைத்தார் பாய். அந்த வெட்டு, இடது கட்டைவிரல் உட்காருகிற இடத்துக்குச் சரியாக வந்து நின்றது. “தொழில் தெரிஞ்ச கை” என்றார்.

அன்று வளையத்தை ராவச் சொல்லவில்லை. பூஞ்சையை மட்டும் துடைத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஐப்பசியில், கடைமுகத்துக்கு முதல் நாள், மாயவரம் போனேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெரியம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வெட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு லென்ஸை வாங்கினாள். பார்க்கவில்லை, தடவினாள்.

“ஒனக்குத் தெரியாதா? அந்தக் கும்பகோணத்துக் கல்யாணம் முடிஞ்சு வந்த மறுநாள் ராவினது. அம்மிக்குப் பக்கத்தில உக்காந்து ராவினார். நானே கேட்டேன், பொன்னை வித்து வாங்கின பொருளை இப்படிச் செய்யறீங்களேன்னு. ‘பிள்ளைங்க இருக்கிற இடத்தில வளையம் திரும்பத்தான் செய்யும். அவனைத் தொடாதேன்னா அவன் எப்படித் தொழில் கத்துப்பான்? எட்டு எங்கேன்னு என் கட்டைவிரலுக்குத் தெரிஞ்சாப் போதும்’னார். நீதான் அப்புறம் கடைப் பக்கமே வரலியே.”

நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

“இப்ப இன்னொரு இடத்தில ராவணும்னா ராவிக்கோ. அவரே ராவினதுதானே?” என்றாள் பெரியம்மா. அவளுக்குப் பொருளைவிடப் பொருளின் உபயோகம் பெரிது. நியாயம்தான். ஆனால் எனக்கு அப்போது டி7000-ன் மீட்டர்மேல் இருந்த மோகம் போய்விட்டிருந்தது. பைக்குள் டி40-உம் இருந்தது. எடுத்து, லென்ஸை மாட்டினேன்.

“உங்களை ஒரு படம் எடுக்கறேன், பெரியம்மா.”

“என்னையா? எதுக்கு?”

அந்த வீட்டில் அவள் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவளுடைய கல்யாணப் படம். அதுவும் வேறு ஒருவர் எடுத்தது. நாற்பது வருஷம் ஊரையெல்லாம் படம் எடுத்தவர் வீட்டில் இந்த நிலை. பிலிமை வீணாக்க வேண்டாம் என்று இவள் மறுப்பாளாம். சரி, நாளைக்கு என்று அவர் விட்டுவிடுவாராம். பிலிம் இல்லாத காமிரா இது என்று நான் விளக்கிச் சொன்ன பிறகு, தலைமயிரைக் கையால் அழுத்திவிட்டுக்கொண்டு, வாழைப்பூத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஸ்டூடியோ பெஞ்சில் உட்காருகிறவர்களைப்போல முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

மழைக்கால முற்றம், வெளிச்சம் மங்கல். காமிராவில் ‘எஃப்’பும் இரண்டு கோடும். அதற்கு ஒன்றும் தெரியாது. லென்ஸுக்கும் ஒன்றும் தெரியாது. கட்டைவிரலால் வளையத்தைத் தடவினேன். அந்த வெட்டு அகப்பட்டது. அங்கிருந்து திறக்கும் பக்கமாக ஒரு கிளிக்; இன்னொரு கிளிக். அழுத்தினேன்.

பெரியம்மா அசையாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்: “எட்டில வெச்சியா?”

“வெச்சேன், பெரியம்மா” என்றேன். 4-ல்தான் வைத்திருந்தேன்.